திட்டிவாசல்

செஞ்சியைப் பார்க்க வருகிறவர்கள் ராஜகிரி ஏறுவார்கள், கல்யாண மகால் முன்னால் நின்று படம் எடுப்பார்கள், மூச்சு வாங்கியது போதும் என்று கீழே இறங்கி மோர் குடித்துவிட்டு ஊர் திரும்புவார்கள். 2025 ஜூலையில் மராத்தியர் வரலாற்றோடு தொடர்புடைய 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் ஏறியது செஞ்சி ஒன்றுதான். ஊருக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் திருநாதர்குன்றின் பக்கம் அந்தக் கூட்டம் அவ்வளவாகப் போவதில்லை. அங்கே மகாலும் இல்லை, பீரங்கியும் இல்லை. பெரிய பாறை ஒன்றின் முகத்தில் 24 தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தக் குன்றில் ஒரு கல்வெட்டு உண்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் நீத்த இடம் இது என்கிறது. தமிழி எழுத்து வட்டெழுத்தாக உருமாறிக்கொண்டிருந்த காலத்தில் வெட்டியது. ‘ஐ’ என்ற எழுத்து கல்லில் முதலில் தலைகாட்டுவது இங்கேதான் என்று கல்வெட்டு அறிஞர்கள் சுட்டுவார்கள். அதுவும் ‘ஐம்பத்தேழு’ என்ற சொல்லின் முதல் எழுத்தாக. ஒருவர் பட்டினி கிடந்த நாளை எண்ணப்போய் மொழிக்கு ஓர் எழுத்தின் சாட்சி கிடைத்திருக்கிறது. பிற்காலத்தில் இளையபட்டாரர் என்ற இன்னொருவர் 30 நாள் நோன்பிருந்து இறந்ததையும் அதே குன்றின் பாறை சொல்கிறது.

சமணத் தமிழ் இந்த நோன்பின் பின்னால் உள்ள தத்துவத்துக்கு அழகான சொற்களை வைத்திருக்கிறது. வினை என்பது வெறும் பாவ புண்ணியக் கணக்கு அன்று. அது ஒரு நுண்பொருள். தூசு எண்ணெய்த்துணியில் ஒட்டுவதுபோல உயிரில் வந்து ஒட்டும். அது உள்ளே கசிந்து வருவதற்கு ஊற்று என்று பெயர். வரும் வழியை அடைப்பது செறிப்பு. ஏற்கெனவே ஒட்டியதை உதறுவது உதிர்ப்பு. உண்ணா நோன்பு உதிர்ப்பைச் சேர்ந்தது. மனம், மொழி, மெய் என்ற வாசல்களை அடக்குவது செறிப்பைச் சேர்ந்தது. செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்சித்தாமூரில், தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊரில், இந்தச் சொற்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

வாயை மூடலாம், கண்ணை மூடலாம், பேச்சை நிறுத்தலாம். மூச்சை மட்டும் நோன்பாக விட முடியாது. ஐம்பத்தேழாம் நாளிலும் குன்றின் காற்று சந்திரநந்தியின் நாசிக்குள் போய் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். எல்லாக் கதவையும் சாத்திய மனிதருக்கும் ஒரு கதவு கடைசிவரை திறந்தே இருந்தது.

இன்றைய மருத்துவம் தட்டிக்கொண்டிருப்பது அந்தக் கதவைத்தான்.

ஏன் மூக்கைத் தட்ட வேண்டும்? மாத்திரையை விழுங்கினால், ஊசி போட்டால் மருந்து ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போகிறதே, மூளைக்குப் போகாதா? போகாது, அல்லது லேசில் போகாது. 1885இல் ஜெர்மனியில் பால் ஏர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். கல்லீரல், சிறுநீரகம், தசை எல்லாம் நிறம் ஏறின. மூளை மட்டும் வெளுத்தே இருந்தது. மூளைக்கு அந்தச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் தன்மை இல்லை என்று அவர் நினைத்தார். அவரிடம் வேலை பார்த்த எட்வின் கோல்ட்மான் 1913இல் அதைத் திருப்பிப் போட்டார். மூளையைச் சூழ்ந்த நீரிலேயே நேராகச் சாயத்தை விட்டார். மூளை நீலமானது, உடம்பு வெளுத்தே இருந்தது. அப்படியானால் இரண்டுக்கும் நடுவே ஒரு மதில் இருக்கிறது என்று தெரிந்தது. மூளையின் மயிரிழை ரத்தக் குழாய்களின் சுவரில் செல்கள் ஒன்றோடொன்று இடைவெளியே இல்லாமல் பூட்டிக்கொண்டு நிற்கின்றன. ரத்த–மூளைத் தடுப்பு என்று அதற்குப் பெயர். நஞ்சும் கிருமியும் புகாமல் காக்கும் அந்த மதில்தான் மருந்தையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

மதில் என்றதும் செஞ்சிக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் வளைத்து ஓடும் சுவரைப் பார்த்து வளர்ந்தவர்கள். ராஜகிரியின் உச்சிக்குப் போகும் வழியில், கடைசியில் ஒரு பிளவு வரும். அதன் குறுக்கே ஒரு மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனைக் கடவுள்தான் தொட வேண்டும். முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தது 1698 தொடக்கத்தில். அப்போதும் உள்ளே இருந்த ராஜாராம் கையில் சிக்கவில்லை, நழுவிவிட்டார். சிவாஜியின் அந்த இளைய மகன் முதலில் செஞ்சிக்குள் வந்து சேர்ந்த விதம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். மராட்டியத்திலிருந்து எதிரிப் படைகளின் கண்ணில் மண்ணைத் தூவி, மாறுவேடத்தில் வந்தார். படையால் உடைக்க முடியாத இடத்துக்குள் வேடத்தால் போய்விடலாம்.

மூளைக்கும் அப்படி வேடம் போட்டுப் போன மருந்து ஒன்று உண்டு. நடுக்குவாதம் என்னும் பார்க்கின்சன் நோயில் மூளைக்கு டோபமைன் குறைகிறது. டோபமைனையே கொடுத்தால் மதிலைத் தாண்டாது. அதன் முன்வடிவமான எல்-டோபாவைக் கொடுத்தால் காவலாளி அதை உணவிலிருந்து வரும் அமினோ அமிலம் என்று எண்ணி உள்ளே விட்டுவிடுகிறான். உள்ளே போனபின் வேடம் கலைந்து டோபமைனாகிறது. (வயிறு நிறைய பருப்பும் முட்டையும் தின்றுவிட்டு இந்த மாத்திரையைப் போட்டால் வேலை செய்யாமல் போவது இதனால்தான். ஒரே வாசலில் கூட்டம் கூடிவிடுகிறது.) நம்முடைய நாட்டு வைத்தியத்தில் பழகிய பூனைக்காலி விதையில் எல்-டோபா இருப்பதை 1937இல் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் சென்னைச் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை பார்த்த தாமோதரனும் ராமசாமியும். அது மருந்தாக நோயாளிக்குப் போனது இருபத்துச் சொச்சம் ஆண்டு கழித்து, வியன்னாவில்.

வேடம் எல்லா மருந்துக்கும் பொருந்தாது. அப்போது திட்டிவாசலைத் தேட வேண்டியதுதான். பெரிய கோட்டைக் கதவு சாத்தியிருக்கும்போது ஒற்றை ஆள் குனிந்து நுழைவதற்காக அந்தக் கதவிலேயே ஒரு சிறு கதவு வைத்திருப்பார்கள் அல்லவா, அதுதான் திட்டிவாசல். மூளைக்கு அது மூக்கின் கூரையில் இருக்கிறது. மணத்தை அறியும் நரம்புச் செல்கள் அங்கே வெளிக்காற்றில் தலைநீட்டி நிற்கின்றன. மற்ற நரம்புகள் எல்லாம் தோலுக்கும் எலும்புக்கும் பின்னால் ஒளிந்திருக்க, இவை மட்டும் வாசலில் நின்று தெருவைப் பார்க்கின்றன. இவற்றின் வால்கள் சல்லடைபோல் துளையுள்ள ஒரு மெல்லிய எலும்பைத் தாண்டி நேரே மூளைக்குள் போகின்றன. இடையில் மதில் இல்லை.

இந்த வழியாக மருந்து அனுப்பலாம் என்று அமெரிக்காவில் மினசோட்டாவைச் சேர்ந்த வில்லியம் ஃப்ரே 1980களின் கடைசியிலிருந்து சொல்லிவந்தார். மறதி நோய்க்கு இன்சுலினை மூக்கில் அடித்துப் பார்ப்பது அதில் பெரிய நம்பிக்கையாக வளர்ந்தது. ரத்தத்தில் சர்க்கரை இறங்காமல் மூளைக்கு மட்டும் இன்சுலின் போகும் என்பது கணக்கு. 2012இல் சூசன் கிராஃப்ட் குழு 104 பேரிடம் நான்கு மாதம் செய்த சோதனையில் நினைவாற்றல் சற்றே மேம்பட்டதாகத் தெரிந்தது. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. 2020இல் அதே குழு 289 பேரை வைத்து ஓராண்டு நடத்திய பெரிய சோதனையில் பலன் இல்லை. நடுவில் மருந்தடிக்கும் கருவியே சரியாக வேலை செய்யாமல் மாற்ற வேண்டியதாயிற்று.

தோல்வியின் காரணங்கள் எளிமையானவை. எலியின் மூக்குக்குள் ஏறத்தாழ பாதி இடம் மணமறியும் சவ்வு. மனிதனுக்கு அது பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. எலியில் ஜெயித்தது ஆளில் தோற்கும். ஒரு நாசியில் ஒரு தடவைக்குப் பத்தில் ஒரு மில்லிலிட்டர் அளவுதான் அடிக்க முடியும், மிஞ்சினால் தொண்டையில் இறங்கிவிடும். மூக்கோ சும்மா இருக்கிற உறுப்பு அல்ல. கால் மணி நேரத்தில் சளியோடு சேர்த்துக் கூட்டிப் பெருக்கித் தள்ளிவிடும். திட்டிவாசல் இருக்கிறது என்பது ஒன்று, அதில் மூட்டை தூக்கிக்கொண்டு போக முடியுமா என்பது வேறு.

இங்கே ஒரு குழப்பத்தையும் நீக்கிவிட வேண்டும். மூக்கில் அடிக்கிற மருந்தெல்லாம் திட்டிவாசல் வழியே போவதில்லை. வலிப்புக்கு அடிக்கும் மிடசோலமும், மனச்சோர்வுக்கு 2019இல் அமெரிக்கா அனுமதித்த எஸ்கெட்டமினும் பெரும்பாலும் மூக்கின் சவ்விலுள்ள ரத்தக் குழாய்களில் ஏறி, மதிலைத் தாண்டும் குணம் தங்களுக்கே இருப்பதால் மூளையை அடைகின்றன. மூக்கு அவற்றுக்கு விரைவான பேருந்து நிறுத்தம், அவ்வளவே.

தமிழர் மூக்குக்கு இதெல்லாம் புதிதா? சித்த மருத்துவம் புற மருந்துகளை 32 என்று வகுத்திருக்கிறது. கட்டு, பற்று, ஒற்றடம் என்று தொடங்கும் அந்த வரிசையில் நசியம் இருக்கிறது, ஊதல் இருக்கிறது, நாசிகாபரணம் இருக்கிறது. நசியம் என்றால் சாறோ தைலமோ மூக்கில் விடுவது. நாசிகாபரணம் பொடியைச் சேர்ந்தது. ஆயுர்வேதத்தில் வாக்படர் மூக்கைத் தலைக்குப் போகும் வாயிலாகவே கருதினார். மூக்குப்பொடிக்காரர்கள் இன்னும் நடைமுறைவாதிகள். ஒரு சிட்டிகையில் மூளை விழித்துக்கொள்ளும் என்பது அவர்களுக்கு ஆராய்ச்சி இல்லாமலே தெரியும். செஞ்சிக்கு அடுத்த திருவண்ணாமலையில் ஒருவர் மூக்குப்பொடிச் சித்தர் என்ற பெயரிலேயே வணங்கப்பட்டார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது ஊரே திரண்டது.

இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, அமெரிக்காக்காரன் இன்று கண்டுபிடித்ததை நம் சித்தர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு ஒருவர் விரலை நீட்டுவார். கொஞ்சம் பொறுக்கலாம். நம் வைத்தியர்களுக்கு வாசல் தெரிந்திருந்தது, மதில் தெரியாது. மதில் தெரியாதவருக்கு அந்த வாசல் எவ்வளவு அபூர்வமானது என்பதும் தெரிந்திருக்க வழியில்லை. நசியம் தலைவலிக்கும் பீனிசத்துக்கும் பலித்ததா என்பது தனியாகச் சோதிக்க வேண்டிய கேள்வி. அதை இன்சுலின் ஆய்வோடு முடிச்சுப் போடுவது இரண்டுக்கும் மரியாதை அல்ல.

நம் முன்னோர்கள் நிஜமாகவே ஆழமாகப் போனது வேறொரு இடத்தில். பொருள் மனத்தைத் தொட்டால் மனம் என்ன ஆகிறது, அதற்குப் பின்னால் ‘நான்’ என்று ஒன்று மிச்சம் இருக்கிறதா என்ற இடத்தில்.

இந்தக் கேள்வியை இன்று கூர்மையாக்கியது ஒரு சோதனை. ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே பாசத்தில் பங்கு வகிப்பது. 2005இல் சூரிச்சில் அதை மூக்கில் அடித்துக்கொண்டவர்கள் ஒரு பண விளையாட்டில் முன்பின் தெரியாதவரை அதிகம் நம்பினார்கள் என்று ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. நம்பிக்கையைப் புட்டியில் அடைத்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. 2016இல் அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நடுவயது ஆண்கள் 83 பேர். சிலருக்கு ஆக்சிடோசின், சிலருக்கு வெறும் நீர்மம். ஆக்சிடோசின் பெற்றவர்கள் தங்கள் வாழ்க்கையில் ஆன்மிகத்துக்கு அதிக முக்கியத்துவம் இருப்பதாகச் சொன்னார்கள். எல்லாவற்றோடும் தாங்கள் பிணைந்திருப்பதாக உணர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதும் அந்தச் சாயல் இருந்தது.

பக்தியை மூக்கில் அடிக்கலாம் என்றால் பக்தி என்பது என்ன?

அவசரப்பட வேண்டாம். 2005 சோதனையை 2020இல் 677 பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது நம்பிக்கை கூடவில்லை. 83 பேர் சோதனைக்கும் நாளை அதே கதி வரலாம். ஆனால் கேள்வி அந்தச் சோதனையை நம்பிப் பிழைப்பதல்ல. எஸ்கெட்டமின் அடித்துக்கொண்டவருக்கு ஓரிரு மணி நேரம் தன் உடம்பைவிட்டுத் தள்ளி நிற்பதுபோல் தோன்றும். அதனால்தான் மருத்துவமனையிலேயே உட்காரவைத்துக் கவனிக்கிறார்கள். தற்கொலையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவர் சிலருக்கு ஒரு நாளில் பாரம் இறங்குகிறது. துக்கமும் அது நீங்குவதும் ஒரு சொட்டு நீர்மத்தில் இருக்கிறது என்றால் உயிர் என்ற ஒன்றுக்கு வேலை எங்கே?

இந்தக் கேள்வியை மணிமேகலைக் காப்பியத்தில் பூதவாதி கேட்டுவிட்டான். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றதையும் சேர்த்து ஊறவைத்தால், அவற்றில் தனித்தனியே இல்லாத போதை பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது. பிரிந்தால் போய்விடுகிறது, தனியாக உயிர் ஏதும் இல்லை என்பது அவன் கட்சி. மூக்கு மருந்தைக் காட்டினால் அவன் சிரித்துக்கொண்டே, இதைத்தானே சொன்னேன் என்பான்.

சமணர்கள் பூதவாதத்தை எளிதாக விடவில்லை. அவர்களுடைய நீலகேசி வாதம் வாதமாகப் பிற சமயங்களை எதிர்த்துப் போய், கடைசிச் சருக்கத்தில் மோதுவது பூதவாதத்தோடுதான். ஆனால் வேடிக்கை என்னவென்றால், கள் உவமையைச் சமணர்களும் எடுத்தாண்டார்கள். எட்டு வினைகளுக்கும் சமண மரபு எட்டு உவமை சொல்கிறது. அறிவை மறைக்கும் வினை திரைச்சீலை போன்றது. காட்சியை மறைக்கும் வினை, அரசனைப் பார்க்கவிடாமல் தடுக்கும் வாயிற்காவலன் போன்றது. மோகனீயம் என்னும் மயக்கும் வினை கள் போன்றது. ஆக, ஒரே கள் இரண்டு வழக்கிலும் சாட்சி சொல்கிறது. உணர்வே கள்ளின் போதைபோல் விளைந்த ஒன்று என்கிறான் பூதவாதி. ஏற்கெனவே இருக்கும் உணர்வைக் கள்ளைப்போல் கலக்குவது வினை என்கிறார் சமண முனிவர். குடித்தவன் தள்ளாடுகிறான் என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. தள்ளாடுகிறவன் யார் என்பதில்தான் சண்டை.

மூக்கில் அடிக்கும் மருந்து இந்தப் பழைய வழக்கில் புதிய கள். அதைக் காட்டி ஆன்மா இல்லை என்று நிரூபித்துவிட்டதாக நினைப்பவரும், அதைக் கண்டு பதறிச் சமயம் அழிந்துவிடும் என்று பயப்படுகிறவரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். பொருள் மனத்தைத் தொடும் என்பது எந்தச் சமயத்துக்கும் செய்தி அல்ல. தொடும் என்று தெரிந்ததால்தான் கோயிலில் கற்பூரமும் சந்தனமும் துளசியும் வந்தன. தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கினார் கடவூர்க் கலயர் என்று பெரியபுராணம் சொல்கிறது. சமணராக இருந்த மருள்நீக்கியாரை அப்பராக்கியதும் ஒரு வயிற்று வலிதான். சூலைநோய்க்கு அங்கே மந்திரித்த நீரும் மயிற்பீலியும் பலிக்கவில்லை. தமக்கை திலகவதியார் கொடுத்த திருநீறு பலித்தது. தேவாரம் பிறந்த வழியில் ஒரு குடல் நோய் குறுக்கிட்டிருக்கிறது என்பதால் தேவாரத்தைக் குடல் நோயின் விளைவு என்று யாரும் சொல்லிவிடவில்லை.

செஞ்சி இருக்கும் இதே விழுப்புரம் மாவட்டத்தின் தென்பக்கம் திருவெண்ணெய்நல்லூர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அங்கே சிவஞானபோதத்தைப் பன்னிரண்டு சூத்திரங்களாக அமைத்தார். அதில் மூன்றாவது சூத்திரம் உயிர் உண்டு என்பதற்கு வரிசையாகக் காரணம் அடுக்குகிறது. உடம்பை அவர் மாயையால் ஆன இயந்திரமாகவே ஏற்றுக்கொள்கிறார்; இயந்திரத்தில் மருந்து வேலை செய்வதில் அவருக்கு வியப்பே இருக்காது. ‘என் கை’, ‘என் உடம்பு’ என்று உடைமையாகச் சொல்கிறோமே, சொல்கிறவன் அந்த உடைமையிலிருந்து வேறு அல்லவா என்பது ஒரு காரணம். அதைவிடச் சுவாரசியமானது இன்னொன்று. மூச்சுதான் உயிர் என்பவருக்கு அவர் தரும் பதில்: தூங்குகிறவனுக்கு மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை. அதனால் மூச்சு உயிர் அன்று.

மூச்சை உயிராக எண்ணும் பழக்கம் தமிழில் எவ்வளவு ஆழம் என்று தெரிந்தால்தான் இந்த மறுப்பின் துணிச்சல் புரியும். திருமூலர் மூச்சை உள்ளே இழுக்கப் பதினாறு, நிறுத்த அறுபத்துநான்கு, விட முப்பத்திரண்டு என்று மாத்திரை அளந்தவர். அந்த அளவுக்குப் பின்னால் வெறும் நம்பிக்கை மட்டும் இல்லை போலும். 2016இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், வலிப்புக்காக மூளைக்குள் மின்முனை பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளைக் கவனித்தார்கள். மூக்கால் மூச்சு இழுக்கும்போது அச்சத்துக்கும் நினைவுக்கும் உரிய மூளைப் பகுதிகளின் மின்னலைகள் மூச்சின் தாளத்துக்கு ஒத்து எழுந்தன. வாயால் மூச்சுவிட்டால் அந்தத் தாளம் மங்கியது. மருந்தே வேண்டாம், வெறும் காற்றே திட்டிவாசலைத் தட்டுகிறது. அப்படியிருந்தும் மெய்கண்டார் மூச்சை உயிராக ஒப்புக்கொள்ளவில்லை. உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாக ஆவது என்பது சைவ சித்தாந்தம் கண்ட விடை. பளிங்கின் பக்கத்தில் செம்பூ வைத்தால் பளிங்கு சிவப்பதுபோல. ஆக்சிடோசினும் ஒரு செம்பூ என்று மெய்கண்டார் மரபினர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள்.

இது தந்திரமான விடை என்று பூதவாதி மடக்கலாம். எந்தச் சோதனையாலும் தோற்கடிக்க முடியாத கொள்கை சோதனைக்கு வெளியே நிற்கிறது என்பது நியாயமான குற்றச்சாட்டு. அதை மறுப்பது கடினம். ஆனால் மூன்று கட்சிகளில் சமணத்துக்கு மட்டும் இந்த விவகாரத்தில் நடைமுறைக்கு உதவும் ஒரு சரக்கு இருக்கிறது: செறிப்பு. வாசலை யார் காப்பது என்ற கேள்வி.

காவல் இல்லாத வாசலின் ஆபத்தைக் கேரளம் கண்கூடாகப் பார்த்தது. குளத்திலும் தேங்கிய நீரிலும் வாழும் நெக்லேரியா என்ற அமீபா, குளிப்பவரின் மூக்கில் நீரோடு ஏறி, அதே மணநரம்பின் வழியே மூளைக்குள் போய் அதைத் தின்கிறது. 2024இலும் 2025இலும் அங்கே அமீபா மூளைக்காய்ச்சல் அடுத்தடுத்து வந்தது. நோயாளிகளில் பலர் குழந்தைகள். இன்சுலினுக்கு அவ்வளவு பிகு செய்த வாசல் அமீபாவுக்குச் சுலபமாகத் திறந்துவிட்டது.

மருந்து விஷயத்தில் காவலாளி யார்? தானே முடிவெடுக்க முடிந்தவர் என்றால் சிக்கல் குறைவு. மூக்கு மருந்து பெரிதும் குறி வைப்பதோ மறதி நோயாளியை, நினைவிழந்து துடிப்பவரை, ஆழ்ந்த சோர்வில் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லத் தெம்பில்லாதவரை. சந்திரநந்தி விழிப்போடு, தன் சங்கத்தார் அறிய, ஒவ்வொரு கதவாகத் தானே சாத்தினார். அப்படிச் சாத்தும் உரிமை ஒருவருக்கு உண்டா என்பதே இன்னும் தீராத வழக்கு. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இந்த நோன்பைத் தற்கொலை என்று தடை செய்தது. அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. கதவைச் சாத்துவதற்கே இவ்வளவு வாதம் என்றால், பிறர் கதவைத் திறந்து பாசத்தையும் நம்பிக்கையையும் உள்ளே அனுப்புவதற்கு எவ்வளவு வாதம் வேண்டும்? வாக்குச் சாவடிக்கோ, வட்டிக்கடைக்கோ, ஆசிரமத்துக்கோ இந்தப் புட்டி ஒன்று கிடைத்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்ய அதிகம் மெனக்கெட வேண்டாம். இப்போதைக்கு அந்தப் புட்டி வேலை செய்யாதது நம் அதிர்ஷ்டம்.

வேலை செய்கிற புட்டி வேறு. அதைப் பற்றித்தான் ஊரில் அதிகம் பேர் தெரிந்துகொள்ள வேண்டும்.

செஞ்சி பேருந்து நிலையத்தில் யாராவது வலிப்பு வந்து விழுந்தால் என்ன நடக்கும் என்பது எல்லோரும் அறிந்ததே. ‘ஃபிட்ஸ்யா, கையில இரும்பக் குடு’ என்று ஒருவர் சாவிக்கொத்தை நீட்டுவார். இன்னொருவர் செருப்பைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோவார். இரும்பால் வலிப்பு நிற்காது; பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தாமாகவே நிற்கும், பெயர் மட்டும் சாவிக்குப் போகும். விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் உதவி. ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டால் மூளைக்கு ஆபத்து. அந்த நேரத்துக்காகத்தான் வலிப்புள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் மருத்துவர்கள் மிடசோலம் மூக்கு ஸ்ப்ரே எழுதிக் கொடுக்கிறார்கள். தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 46 குழந்தைகளுக்கு வந்த 188 வலிப்புகளைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது, ஆசனவாய் வழியே கொடுக்கும் டயசிபாமைவிட மூக்கில் விட்ட மிடசோலம் வேகமாக வேலை செய்தது. பேருந்து நிலையத்தில், நாலு பேர் பார்க்க, பெண்பிள்ளைக்கு எது கௌரவமானது என்பதைத் தாய்மார்களிடம் கேட்டால் ஆய்வே தேவைப்படாது.

மூக்கின் பக்கம் செருப்பைக் கொண்டுபோனவர் இடம் தெரிந்தவர்தான், மருந்துதான் தவறு.

அப்படி மருந்து அடித்தபின் சற்று நேரம் ஒன்றும் இராது. பிள்ளையின் கை கால் வெட்டுவது அடங்கும். மூச்சு சீராக ஓடும். ஆனால் கூப்பிட்டால் பதில் வராது. மெய்கண்டார் சொன்ன உறக்கம் போல, மூச்சு இருக்கிறது, நுகர்ச்சி இல்லை, செயல் இல்லை. தாய் மடியில் தலையை வைத்துக்கொண்டு முகத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். திருவண்ணாமலை பேருந்து ஒன்று வந்து போகும். கூட்டம் கலையத் தொடங்கும். பிறகு இமை அசையும், கண் திறக்கும், எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் சுற்றிலும் பார்க்கும். கொஞ்ச நேரம் கழித்துக் குழறிய குரலில் கேட்கும்: “எனக்கு என்னம்மா ஆச்சு?”